ரங்கிட்டோட்டோ உச்சிக்கு ஏறலாமா?

கேள்வி: டிசம்பரில் ஆக்லாந்திலுள்ள மகள் வீட்டுக்குச் செல்கிறோம். துறைமுகத்துக்கு எதிரே கடலில் இருக்கும் ரங்கிட்டோட்டோ எரிமலைத் தீவுக்கு எங்களை அழைத்துச் சென்று, உச்சிவரை ஏற்றிவிட வேண்டும் என்று மாப்பிள்ளை பிடிவாதமாக இருக்கிறார். நியூசிலாந்தில் எரிமலைத் தீவுக்குப் போன பயணிகள் இறந்த செய்தியைப் படித்ததிலிருந்து எனக்குப் பயம். என் கணவருக்கு வயது 67. குன்றக்குடிப் படிகளையே நின்று நின்றுதான் ஏறுவார். போகலாமா? கட்டுச்சோறு கொண்டுபோகலாமா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: தாராளமாகப் போகலாம், ஆச்சி. நீங்கள் படித்தது 2019 டிசம்பர் 9 அன்று ஃபகாரி என்னும் தீவில் 22 பேர் உயிரிழந்த செய்தி. அது ஆக்லாந்திலிருந்து வெகு தொலைவில், எப்போதும் ஆவி கக்கிக்கொண்டிருக்கும் எரிமலை. ரங்கிட்டோட்டோவோ ஏறக்குறைய 600 ஆண்டுகளுக்கு முன்பு கடலிலிருந்து எழுந்து, அதன்பின் அடங்கிவிட்டது. ஆக்லாந்து நகரமே சுமார் 50 சிறு எரிமலைகளின் மேல்தான் அமைந்திருக்கிறது என்பதால், தீவுக்குப் போகப் பயந்து மகள் வீட்டில் இருந்துவிடுவதில் பொருளில்லை.

உச்சியின் உயரம் 259 மீட்டர்தான். பிரான்மலை ஏறியவர்கள் இதை மலை என்றே சொல்லமாட்டார்கள். நகரத்திலிருந்து படகில் ஏறினால் அரை மணிக்குள் தீவு வந்துவிடும். அங்கிருந்து உச்சிக்குச் சாதாரண நடையில் ஒரு மணி நேரம். சிரமம் உயரத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. சூளையில் அதிகம் வெந்து உருகிய செங்கல்லைப் போன்ற கரிய, கூரிய எரிமலைக் கற்கள் பாதையின் இருபுறமும் குவிந்து கிடக்கின்றன. காலடியில் சரளை உருளும். வெயில் ஏற ஏறக் கல்லிலிருந்து அனல் அடிக்கும். பெய்கிற மழையெல்லாம் கல்லிடுக்கில் இறங்கிவிடுவதால் தீவில் ஓடையே கிடையாது. அப்படிப்பட்ட வெறும் பாறையின் வெடிப்பில்தான் பொஹுட்டுகாவா மரம் முதலில் வேரூன்றி, தன் நிழலில் மற்றச் செடிகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. உலகிலேயே பெரிய பொஹுட்டுகாவா காடு இதுதான். நீங்கள் போகும் டிசம்பரில் அது சிவப்பாகப் பூத்திருக்கும். வழியில் எரிமலைக் குழம்பு ஓடி வெளியேறிய குகைகள் உண்டு. அவற்றைப் பார்க்க நினைத்தால் டார்ச் விளக்கு வேண்டும்.

கட்டுச்சோறு கட்டாயம் கொண்டுபோங்கள். தீவில் கடையும் இல்லை, குடிநீரும் இல்லை. புளியோதரையை மூடி இறுகும் டப்பாவில் வைக்க வேண்டும். இலையில் கட்டித் துணிப்பையில் போட்டுக்கொள்வது அங்கே சரிப்படாது. எலி முதலியவற்றை அறவே ஒழித்து, 2011-இல் தீங்குயிரிகள் இல்லாத தீவாக அறிவித்தார்கள். எனவே படகேறுமுன் பையை உதறிப் பார்த்து, செருப்பிலுள்ள மண்ணையும் விதையையும் துடைத்துவிட வேண்டும். தொப்பியை மறக்க வேண்டாம். அந்நாட்டு வெயிலின் புற ஊதாக் கதிர் நம் ஊர்க்காரர்களின் தோலையும் விட்டுவைக்காது. கடைசிப் படகு பிற்பகலிலேயே புறப்பட்டுவிடும், தீவில் தங்க விடுதி கிடையாது என்பதால், திரும்பும் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவரை உச்சிக்கு இழுக்க வேண்டாம் என்பது என் கருத்து. உச்சியை நெருங்கும் இடத்தில் மரப்படிகளும் இருக்கின்றன. படகுத்துறையை ஒட்டிய கரையோரப் பாதையில் 1920-களிலும் 30-களிலும் நகரவாசிகள் விடுமுறைக்கென்று கட்டிக்கொண்ட எளிய குடில்கள் இருக்கின்றன. 1937-இல் புதிதாகக் கட்டத் தடை வந்தது. பிறகு பலவற்றை இடித்தும்விட்டார்கள். எஞ்சியவற்றை இப்போது பாதுகாக்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் நம் பெரிய வீடுகளைப் பார்த்துப் பழகியவருக்கு, ஓரிரு அறைகள் கொண்ட தகரக் குடிலைப் போற்றிக் காக்கும் அக்கறை வியப்பாகவே இருக்கும். நீங்களும் மாப்பிள்ளையும் ஏறி இறங்கும்வரை அவர் அங்கே நிதானமாக நடந்துகொண்டிருக்கட்டும். தண்ணீர்ப் பாட்டில் ஒன்றை அவர் கையிலும் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.