அன்றாடப் புழக்கத்துக்குச் சட்டைப்பையில் அடங்கும் எளிய வீடியோ கேமரா எதை வாங்கலாம்?

தாம் வெளிநாட்டில் இருப்பதாகவும், காரைக்குடிப் பக்கத்து ஊரில் இருக்கும் பெற்றோர் வீட்டு விசேஷங்களையும் அன்றாடப் பேச்சையும் பதிவு செய்து வைக்க ஒரு சிறிய கேமரா வாங்கித் தர விரும்புவதாகவும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். மொபைலே போதாதா என்பது அவருடைய துணைக் கேள்வி. நானும் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூரில், மூன்று தலைமுறை சேர்ந்து புழங்கும் வீட்டில் இருப்பவன். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளில் இதே தேவைக்காக மூன்று கேமராக்களைக் கையாண்டிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் கேமராவை வாங்குகிறவர் ஒருவர், அதன் பொத்தானை அழுத்தப்போகிறவர் வேறொருவர். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகன் தனக்குப் பிடித்த வசதிகளையெல்லாம் பார்த்து வாங்கி அனுப்புகிறான். அது பெட்டியோடு அலமாரிக்குப் போய்விடுகிறது. ஆகவே எத்தனை மெகாபிக்சல் என்று பார்ப்பதற்கு முன்னால், யார் கையில் இருக்கப்போகிறது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

2010 வாக்கில் மலேசியாவிலிருந்து வந்த சித்தப்பா கொண்டுவந்த ஃப்ளிப் அல்ட்ரா என்னும் கேமராதான் எங்கள் வீட்டின் முதல் கேமரா. சோப்புக் கட்டியைவிடச் சற்றுப் பெரியது. பின்பக்கத்தின் நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான், கடையில் கிடைக்கும் இரண்டு பென்சில் பேட்டரிகள், பக்கவாட்டிலிருந்து வெளியே மடங்கி வந்து கணினியில் நேராகச் செருகிக்கொள்ளும் யு.எஸ்.பி. முனை. அவ்வளவுதான். படத்தின் தரம் 640க்கு 480 என்ற அளவில், இன்றைக்குப் பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும். ஆயினும் கண்ணாடி போடாமலே என் அப்பத்தா அதில் படம் எடுத்தார்கள் என்பதையும், அவர்கள் எடுத்ததைப் போல இயல்பான பதிவுகள் அதற்குப் பிறகு எங்களிடம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைத் தயாரித்த நிறுவனத்தை 2009இல் சிஸ்கோ என்னும் அமெரிக்க நிறுவனம் வாங்கி, 2011 ஏப்ரலில் அந்தத் தொழிலையே மூடிவிட்டது. அதே அளவுக்கு எளிமையான கேமரா ஒன்று பிறகு என் கண்ணில் படவில்லை.

இரண்டாவதாக, விளையாட்டு வீரர்கள் தலைக்கவசத்தில் மாட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்த சிறு கேமரா ஒன்றை வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். குறை அதனுடையதன்று, பொருத்தமில்லாத வேலைக்கு அதை வாங்கிய என்னுடையது. பிள்ளையார் நோன்பன்று வீட்டுப் பெரியவர் இழையை (மாவில் வைத்த நூல் திரி) விளக்கில் ஏற்றிக் கொடுக்க, நாம் அதைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது ஒரு நொடிக் காரியம் என்பது நகரத்தார் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். நான் பொத்தானை அழுத்தி, கேமரா விழித்து, பதிவு தொடங்குவதற்குள் ஐயா இழையைக் கொடுத்து முடித்து அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்தவருடையது பதிவானது, ஆனால் சுடரைத் தவிர மற்றதெல்லாம் கறுப்புப் புள்ளிகளாக இறைந்து கிடந்தது.

அந்த இருட்டுக்குக் காரணம், ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சாரின் அளவு. சிறு கேமராக்களில் பரவலாக இருந்துவந்த 1/2.3 அங்குல சென்சாரோடு ஒப்பிட்டால், 1 அங்குல சென்சாரின் பரப்பு ஏறத்தாழ 4 மடங்கு. (1 அங்குலம் என்பது பழைய கேமராக் குழாய்களின் காலத்திலிருந்து வரும் பெயர் மட்டுமே, உண்மையான அகலம் 13.2 மி.மீ.தான்.) பரப்பு கூடினால் அதே விளக்கொளியில் அதிக வெளிச்சம் சேரும். நடந்துகொண்டே எடுக்கும்போது ஏற்படும் நடுக்கத்திலும் இந்த வெளிச்சக் கணக்கு குறுக்கிடுகிறது: படத்தை வெட்டி நகர்த்தி நடுக்கத்தை மறைக்கும் மின்னணு முறை வெயிலில் அருமையாக வேலை செய்யும், இருட்டில் ஒவ்வொரு படமுமே நீண்ட நேரம் பதிவாவதால், சட்டகம் நிலையாக இருந்தாலும் உள்ளே உருவம் குழம்பியிருக்கும். லென்சையே மோட்டார் வைத்துத் திருப்பிச் சமன் செய்யும் கிம்பல் வகையில் இந்தக் குழப்பம் குறைவு.

தரைக்கு அருகில் உட்கார்ந்து கொட்டான் (ஓலைக் கூடை) பின்னுகிறவரின் விரல்களை எடுக்கப் போனபோதும் அந்தக் கேமரா கைவிட்டது. அதன் குவியம் (ஃபோகஸ்) நிலையானது. மிக நெருங்கினால் ஓலையும் விரலும் ஒன்றாகக் கலங்கிவிடும். பலகாரம் சுடுவது, கோலமிடுவது போன்ற கைவேலைகளை எடுக்க விரும்பினால் தானாகக் குவியம் மாற்றும் கேமராவே வேண்டும்.

இப்போது வைத்திருப்பது டி.ஜே.ஐ. ஆஸ்மோ பாக்கெட் 3. 2023 அக்டோபரில் வந்தது. 179 கிராம் எடை, 1 அங்குல சென்சார், கிம்பல். இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது, அதன் 2 அங்குலத் திரையைப் பக்கவாட்டில் திருப்பினால் கேமரா தானே விழித்துக்கொள்வதுதான். பக்கத்திலேயே சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அம்மாவுக்கு இந்த இரண்டை மட்டும்தான் சொல்லிக் கொடுத்தேன். முதல் முறை மட்டும் மொபைல் செயலி வழியாக அதைச் செயல்படுத்த வேண்டும் என்பதால், நீங்கள் ஊருக்கு வந்திருக்கும்போதே அதை முடித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். விலை அதிகமென்று தோன்றினால், இடைப்பட்ட கேமராவுக்குப் பாதிப் பணத்தைச் செலவழிப்பதைவிட, இருக்கும் மொபைலோடு ஒரு நல்ல மைக்கை வாங்கிக் கொடுப்பதே மேல் என்பது என் கருத்து.

ஏனென்றால் எங்கள் பக்கத்து வீடுகளில் உண்மையான சிக்கல் ஒலிதான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த கூரையும் சேர்ந்து பேச்சை எதிரொலிக்கும். வளவின் (வீட்டு நடுவே உள்ள திறந்த முற்றம்) ஒரு தூணில் சாய்ந்து பேசுகிறவரை எதிர்த் தூணிலிருந்து எடுத்தால், அவர் குரலைவிட மின்விசிறியின் சத்தமும் கொல்லைப்புறப் பாத்திரச் சத்தமுமே தெளிவாகக் கேட்கும். இதைக் கேமராவின் உள் மைக்கால் சரிசெய்ய முடியாது. சேலைத் தலைப்பிலோ சட்டைக் காலரிலோ குத்திக்கொள்ளும் கம்பியில்லா மைக் இருந்தால், ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய பர்மாக் கதைகளை அப்பத்தா சொல்லச் சொல்ல ஒரு சொல்லும் தவறாது. நீங்கள் வாங்கும் கேமரா எதுவாயினும், வெளி மைக்கை ஏற்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. முகப்பு வாசலிலிருந்து பின்கட்டு வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும்படி கட்டிய வீடுகள் இவை. அந்தக் கோட்டில் ஒருவரை நிறுத்தி எடுத்தால், பின்னால் தெரியும் வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமரா தன்னைச் சரிசெய்துகொள்ள, முகம் கருத்துப்போகும். பேசுகிறவரை வளவைப் பார்த்தபடி உட்காரவைத்துவிட்டு நாம் வளவுப் பக்கம் நின்று எடுத்தால் போதும். எந்த அமைப்பையும் தொட வேண்டியதில்லை.

பெட்டியைப் பிரித்ததும் மாற்ற வேண்டிய அமைப்புகள் சிலவே. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து தணிகிறது; கேமரா நொடிக்கு 30 படம் என்ற கணக்கில் இருந்தால் திரையில் வரிவரியாகக் கோடுகள் ஓடக்கூடும். நொடிக்கு 25 அல்லது 50 படம் என்று மாற்றி, ஷட்டரை (ஒவ்வொரு படமும் பதிவாகும் நேரம்) 1/50 நொடியில் வைத்தால் கோடுகள் மறையும். தரத்தை 4கே அளவில் வைக்காமல் 1080இல் வைத்துவிடுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எழுதும் 4கே பதிவு ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி இடத்தை விழுங்கும்; 128 ஜிபி கார்டு மூன்று மணி நேரத்துக்குக்கூடப் போதாது. 25 மெகாபிட் வேகத்தில் 1080 தரப் பதிவென்றால் அதே கார்டில் பதினோரு மணி நேரம் அடங்கும். ஊரில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில், கார்டு நிறைந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்த அன்றே கேமராவின் புழக்கம் நின்றுவிடும்.

கடையில் வாங்குவதானால் சொந்த மெமரி கார்டு ஒன்றைக் கொண்டுபோய், கடை வாசலில் வெயிலில் ஒரு நிமிடமும் உள்ளே விளக்கடியில் ஒரு நிமிடமும் எடுத்து, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். பழைய கேமரா வாங்கினால் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். லித்தியம் பேட்டரியை மாதக் கணக்கில் முழுச் சார்ஜில் வைப்பதும் நல்லதன்று. அடுத்த விசேஷம் வரை எடுக்கப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜோடு வைக்கச் சொல்லுங்கள்.

ஐப்பசி மழையில் நான்கு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் வளவுக்குள் கொட்டுவதை எடுத்து அனுப்பச் சொல்லி நீங்கள் நிச்சயம் கேட்பீர்கள். ஆஸ்மோ பாக்கெட்டுக்கு நீர்த்தடுப்பு கிடையாது; தாழ்வாரத்தில் தூணுக்கு உள்ளே நின்றே எடுக்கும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.