ஒரே நீதிமன்றம், இரண்டு கோப்புகள்: அப்பாவின் உயிலும் தம்பியின் சிகிச்சையும்

கேள்வி: ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரை ஒட்டிய டப்ளினில் வசிக்கிறோம். அப்பா ஆறு வாரங்களுக்கு முன் காலமானார்; அம்மா முன்பே இல்லை. தட்டச்சு செய்த உயிலில் என்னை நிறைவேற்றுநராக நியமித்து, எனக்கும் தம்பிக்கும் சரிபாதி எழுதியிருக்கிறார். வீடு அவர் பெயரில் மட்டும் உள்ளது. திருச்சியில் ஒரு மனையும் உண்டு. அவருடன் இருந்த 34 வயதுத் தம்பிக்குப் பல ஆண்டுகளாக ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய். அப்பா போன பிறகு மாத்திரையை நிறுத்திவிட்டான். ஒரு வாரமாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை, கதவைத் திறப்பதும் இல்லை. அரசு உதவித்தொகை பெறுகிறான். இரண்டுக்கும் புரோபேட் நீதிமன்றம்தான் என்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: தம்பியிலிருந்து தொடங்குங்கள். உயிலுக்கு மாதக் கணக்கில் அவகாசம் இருக்கிறது. சாப்பிடாமல் அடைந்து கிடப்பவருக்கு அந்த அவகாசம் இல்லை.

ஒஹாயோவின் 88 கவுண்டிகளிலும் (நம் ஊர் மாவட்டம் போன்றவை) உயில், சொத்து நிர்வாகம், காப்பாளர் நியமனம், விருப்பமின்றி அளிக்கப்படும் மனநலச் சிகிச்சை ஆகிய அனைத்தையும் புரோபேட் பிரிவே விசாரிக்கிறது. இவற்றை ஒரே நீதிபதி பார்த்தாலும் வழக்குகள் வேறு, சட்டங்கள் வேறு, உங்கள் இடமும் வேறு. உயில் வழக்கில் நீங்கள் பொறுப்பாளர். தம்பியின் வழக்கில் நேரில் கண்டதைச் சொல்லும் சாட்சி. இந்த வேறுபாட்டை மறந்த குடும்பங்கள் நீதிமன்றத்துக்கு வெளியே ஒருவரையொருவர் இழந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இன்றிரவே உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மனு எழுதிக் கொண்டிருக்க வேண்டாம். 988 என்ற நெருக்கடி உதவி எண்ணையோ 911-ஐயோ அழையுங்கள். 911 எனில், மனநல நெருக்கடிக்குப் பயிற்சி பெற்ற அதிகாரியை அனுப்பும்படி கேளுங்கள். தம்பியிடம் ஆயுதம் இல்லை என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காவலரோ மருத்துவரோ, பேச்சுவழக்கில் ‘பிங்க் ஸ்லிப்’ எனப்படும் படிவத்தின் மூலம் அவரை மருத்துவமனைக்கு அனுப்பலாம். அங்கே 24 மணி நேரத்துக்குள் பரிசோதனை நடக்க வேண்டும். அதன்பின் மூன்று நீதிமன்ற வேலை நாள்களுக்குள் அவரை விடுவிக்க வேண்டும், அல்லது அவர் தானே விரும்பிச் சேர வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கலாக வேண்டும்.

அவ்வளவு அவசரம் இல்லையெனில் அந்தப் பிரமாணப் பத்திரத்தை நீங்களே தாக்கல் செய்யலாம். நோயின் பெயர் மட்டும் போதாது. தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் அபாயம், அல்லது நோயினால் தன் அடிப்படை உடல் தேவைகளைக்கூடக் கவனிக்க முடியாமல் உடனடி ஆபத்தில் இருக்கும் நிலை போன்ற சட்டம் வகுத்த காரணங்களுள் ஒன்று வேண்டும். உங்கள் தம்பிக்கு இரண்டாவது பொருந்தக்கூடும். ஆகவே ‘அவன் நிலைமை மோசம்’ என்று எழுதாமல், எந்தத் தேதியில் கடைசியாக என்ன சாப்பிட்டார், மாத்திரைக் குப்பியில் எத்தனை மிச்சம், கதவுக்குப் பின்னாலிருந்து என்ன சொன்னார் என்று கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். சிகிச்சையைக் கைவிட்டதால் கடந்த 36 மாதங்களில் குறைந்தது இருமுறை மருத்துவமனையில் சேர நேர்ந்திருந்தால் அதையும் சேருங்கள். 2014-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெற ஆணையிடவும் அந்த வரலாறு உதவும்.

பத்திரம் தாக்கலானதும் கவுண்டியின் மனநல வாரியம் விசாரித்து அறிக்கை தரும். காரணம் போதுமானது என்று கண்டால் நீதிமன்றம் தற்காலிகக் காவலுக்கு உத்தரவிடலாம். ஐந்து நீதிமன்ற நாள்களுக்குள் முதல் விசாரணை நடக்க வேண்டும். தம்பிக்கு வழக்கறிஞர் உண்டு. வசதி இல்லையென்றால் நீதிமன்றமே நியமிக்கும். அந்த வழக்கறிஞர் உங்களைக் குறுக்கு விசாரணை செய்யும்போது மனம் புண்படும், ஆனாலும் அவரைப் பகைவராக எண்ணாதீர்கள். ஒருவருடைய சுதந்திரத்தைப் பறிக்கச் சாதாரண சிவில் வழக்கின் சாட்சியத் தரம் போதாது, அதைவிடத் தெளிவான, நம்பகமான சாட்சியம் வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1979-இல் அடிங்டன் எதிர் டெக்சஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. தம்பியின் வழக்கறிஞர் அந்தத் தரத்தைத்தான் காக்கிறார்.

முதல் ஆணை அதிகபட்சம் 90 நாள்களுக்கானது. பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு: மருத்துவமனையில் வைக்கும் ஆணை, கட்டாயமாக மருந்து கொடுக்கும் ஆணை ஆகாது. உடனடி ஆபத்து இல்லாத நிலையில் விருப்பமின்றி மருந்து கொடுக்க, மருந்து பற்றி முடிவெடுக்கும் திறன் அவருக்கு இல்லை, மருந்து அவருடைய நலனுக்கு உகந்தது, அதைவிடக் குறைவாகத் தலையிடும் சிகிச்சை வேறில்லை என்று நீதிமன்றம் தனியே கண்டறிய வேண்டும் என ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 2000-இல் ஸ்டீல் வழக்கில் கூறியது. ஆகவே சேர்த்த மறுநாளே மாத்திரை தொடங்கவில்லை என்று மருத்துவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

அந்தப் பிரமாணப் பத்திரத்தில் வீட்டைப் பற்றியோ உயிலைப் பற்றியோ ஒரு சொல்லும் வேண்டாம். சிகிச்சை ஆணையால் அவர் வாரிசுரிமையை இழப்பதில்லை. கையெழுத்திடும் தகுதியும் அதனாலேயே பறிபோவதில்லை. அதற்குக் காப்பாளர் நியமனம் என்ற தனி வழக்கு இருக்கிறது.

இனி உயில். அப்பா வாழ்ந்த முகவரி எந்தக் கவுண்டியில் வருகிறது என்று பாருங்கள். டப்ளின் நகரம் ஃபிராங்க்ளின், டெலவேர், யூனியன் என மூன்று கவுண்டிகளில் பரவியிருக்கிறது. ஒஹாயோவில் உயிலைப் பதிவு செய்திருக்கவோ நோட்டரி முத்திரை இருக்கவோ வேண்டியதில்லை. உயிலின் முடிவில் அப்பாவின் கையெழுத்தும், தகுதியுள்ள இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் போதும். மூலப் பிரதியைப் பத்திரமாக எடுத்துச் செல்லுங்கள். உயில் கையில் இருந்தும் தக்க காரணமின்றி ஓராண்டு வரை வேண்டுமென்றே மறைத்து வைப்பவர் தன் பங்கையே இழக்க நேரும். தம்பியின் நெருக்கடி தீர்ந்த சில வாரங்களில் தாக்கல் செய்தால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. நிறைவேற்றுநர் நீதிமன்றத்தில் தர வேண்டிய உத்தரவாதமான பிணைப் பத்திரம் தேவையில்லை என்று உயிலில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையெனில் அந்தச் செலவு வரும். நியமனத்துக்குப் பின் மூன்று மாதத்தில் சொத்துப் பட்டியல் தாக்கலாக வேண்டும். அப்பாவுக்குக் கடன் கொடுத்தவர்கள் அவர் இறந்த நாளிலிருந்து ஆறு மாதம் வரை கோரலாம் என்பதால், அதற்கு முன் எதையும் பிரித்துக் கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கில், அப்பாவுக்குப்பின் பணத்தைப் பெறுபவர் என்று ஒருவர் பெயர் இருந்தால் அது இந்த வழக்குக்குள் வராமலே அவருக்குப் போய்விடும். மாநில அளவிலான மரபுரிமை வரி பற்றி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். 2013 ஜனவரி முதல் ஒஹாயோவில் அது இல்லை.

திருச்சி மனைக்கு இந்த நீதிமன்றத்தின் ஆணை நேரடியாகச் செல்லாது; அசையாச் சொத்து அது இருக்கும் நாட்டின் சட்டத்துக்கே உட்பட்டது. சான்றளிக்கப்பட்ட உயில் நகலையும் நீதிமன்ற ஆணையையும் வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அப்போஸ்டில் முத்திரையுடன் வாங்கி வைத்துக்கொண்டு, அங்கே ஒரு வழக்கறிஞரை அணுகுங்கள்.

இரண்டு கோப்புகளும் ஓரிடத்தில் உரசும். தம்பி சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் வழியாக எஸ்எஸ்ஐ (வருமானமும் சேமிப்பும் குறைந்தவர்களுக்கான உதவித்தொகை) பெறுபவரானால், அவர் பெயரில் கணக்கில் கொள்ளப்படும் சேமிப்பு 2,000 டாலரைத் தாண்டக்கூடாது. பாதி வீட்டின் விலை ஒரே காசோலையாக அவர் கைக்கு வந்தால் உதவித்தொகை நின்றுவிடும். மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டும் அதோடு போகக்கூடும். ‘என் பெயரிலேயே வைத்துக்கொண்டு நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று அன்பினால் தோன்றும். அது உங்களுக்கு உரிமையில்லாத பணம் என்பதால் அப்படிச் செய்யாதீர்கள். அவர் 65 வயதுக்கு உட்பட்டவர் என்பதால், அவருடைய பங்கைச் சிறப்புத் தேவைகளுக்கான அறக்கட்டளையில் (அவருக்காக ஒரு பொறுப்பாளர் பணத்தை வைத்துச் செலவிடும் ஏற்பாடு) வைக்கச் சட்டம் இடம் தருகிறது. அவருடைய ஆயுளுக்குப்பின் மீதிப் பணத்திலிருந்து மெடிக்கெய்டுக்குச் செலவு திரும்பச் செல்லும் என்பது அதன் நிபந்தனை. இதைப் பங்கு கைமாறுவதற்கு முன்பே, இத்துறை தெரிந்த வழக்கறிஞரைக் கொண்டு செய்யுங்கள்.

உயில் ஏற்கப்பட்டதும் தம்பிக்கும் எழுத்தில் அறிவிப்புப் போக வேண்டும். அவர் அப்போதும் மருத்துவமனையில் இருந்தால் அறிவிப்பை வீட்டு முகவரிக்கு அனுப்பி வேலையை முடிக்காமல் மருத்துவமனைக்கே அனுப்புங்கள். ஒரு நகலை அவருடைய வழக்கறிஞருக்கும் கொடுத்துவிடுங்கள். உயிலை எதிர்க்க அவருக்கு உள்ள மூன்று மாதம், அறிவிப்பு கொடுத்ததற்கான சான்றை நீங்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் நாளிலிருந்துதான் தொடங்கும். அதுவரை வீட்டை விற்பது பற்றித் தரகரிடம் பேச வேண்டாம். அவர் திரும்பி வந்து தங்குவதற்கு இப்போதைக்கு இருப்பது அந்த வீடு ஒன்றுதான்.