நோயாளி நாய் இருக்கும் வீட்டில் குட்டி வளர்க்கலாமா?

உங்கள் லாப்ரடாருக்கு 12 வயது, சிறுநீரகக் கோளாறு. துணைக்கு ஒரு குட்டி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

பெரிய சிக்கல் சாப்பாடு. சிறுநீரக நோய்க்கான உணவில் பாஸ்பரஸ் குறைவு, புரதமும் அளவாகத்தான் இருக்கும். வளரும் குட்டிக்கு அது போதாது; குட்டியின் தீனியோ பெரியதுக்கு ஆகாது. இந்த நோயில் பசி மந்தம். உங்கள் நாய் இரண்டு வாய் தின்றுவிட்டு நகர்ந்ததும் குட்டி வந்து தட்டை வழித்துவிடும். எவ்வளவு சாப்பிட்டது, எவ்வளவு தண்ணீர் குடித்தது என்ற கணக்கே உங்களுக்குத் தெரியாமல் போகும். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

அப்புறம் தொற்று. குட்டிக்கான தடுப்பூசிகள் ஆறேழு வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை போகும். அதற்குள் இருமலோ குடற்புழுவோ வீட்டுக்குள் வரலாம்.

குட்டி காதைக் கடிக்கும், மேலே ஏறும், தூங்கவிடாது. வயதான நாய் உறுமினால் தயவுசெய்து அதட்டாதீர்கள். விலகிப் போக முடியாததன் எச்சரிக்கை அது.

நோய் கட்டுக்குள் இருந்து, டாக்டரும் சரி என்றால், நண்பர் வீட்டில் உள்ள, தடுப்பூசி போட்ட, சாதுவான ஒரு நாயை ஒரு மணிநேரம் வரவழைத்துப் பாருங்கள். உங்கள் நாய் ஆர்வமாக மோந்து பார்த்தால் யோசிக்கலாம். அப்போதும் குட்டியைவிட, நான்கைந்து வயதான அமைதியான நாயைத் தத்தெடுப்பதே நல்லது.