ரோவிங் மெஷினில் முழு மூச்சாக இழுத்து முடித்ததும் குமட்டுகிறதே, ஏன்?

நீங்கள் கேட்டது இது: ஜிம்மில் ரோவிங் மெஷினில் (படகில் துடுப்பு போடுவது மாதிரி உட்கார்ந்து இழுக்கிற இயந்திரம்) 2000 மீட்டரை முழு வேகத்தில் இழுத்து முடித்ததும் குமட்டுகிறது, இரண்டு முறை வாந்தியே எடுத்துவிட்டேன், உடம்பில் ஏதாவது கோளாறா, இல்லை எல்லாருக்கும் இப்படித்தானா?

பெரும்பாலும் கோளாறு இல்லை. நிறைய பேருக்கு வரும். எனக்கும் வந்தது, ஒரே ஒரு தடவை எடுத்த வாந்தியால் ஊரில் என் பேரே கெட்டது. உண்மையைச் சொன்னால் அந்தக் கதையைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்குத் தேவையானது நடுவில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவன், வயது 46. "கண்டவனெல்லாம் மருத்துவம் சொல்ல வந்துட்டான்" என்று எழுதக் காத்திருப்பவர்கள் இந்த வரியோடு கிளம்பிவிடலாம்.

ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகிற வழியில் இருக்கிறது. பழைய ரப்பர் ஊர், என் அம்மா இங்கே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார். இப்போது சுற்றிலும் செம்பனைதான் கண்ணில் படும். ஜிம் ஒரு கடைவீட்டின் மாடியில், ஏர்கான் கிடையாது, மூன்று காற்றாடி. கீழே அஞ்சடியில் (கடைகளுக்கு முன்னால் உள்ள கூரை போட்ட நடைபாதை) ஒரு பூக்கார அக்கா மாலை கட்டி விற்பார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரைக்கு இரண்டு ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி), பருப்புக் குழம்பு, ஒரு தே தாரேக் (ஆற்றின பால் டீ). ஒன்பதரைக்கு மெஷினில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பையன் ஒருவன், "அண்ணே, எட்டு நிமிஷத்துக்குள்ள முடிச்சிருவீங்களா?" என்று கேட்டான். அவ்வளவுதான். பக்கவாட்டில் ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்ட நெம்புகோல் ஒன்று இருக்குமே, அதைப் பத்தில் வைத்தேன். பத்து என்றால் ஆம்பளைத்தனம் என்று நினைப்பு. சக்கரத்துக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதைத்தான் அது மாற்றுகிறது. பத்தில் வைத்தால் கனத்த படகை இழுப்பது மாதிரி இருக்கும். பழகியவர்களே மூன்றிலிருந்து ஐந்துக்குள்தான் வைத்துக்கொள்வார்கள். அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது.

முதல் 500 மீட்டர் 1:45 (ஒரு நிமிடம் 45 விநாடி). திரையில் இழுப்பின் திறன் 300 வாட் என்று காட்டியது, மிதப்பில் இருந்தேன். அடுத்த 500 மீட்டர் 2:05. மூன்றாவதில் 2:18, வாயில் இரும்புச் சுவை, காதுக்குள் தண்ணீர் புகுந்த மாதிரி. கடைசி 500ஐ 2:15இல் எப்படியோ இழுத்தேன், திரையில் பாதி வாட்கூட இல்லை. மொத்தம் 8:23. கைப்பிடியைப் போட்டுவிட்டு எழுந்தேன். கழிப்பறைக்குள் யாரோ இருந்தார்கள். படியில் இறங்கி ஓடினேன்.

அஞ்சடியில் அக்காவின் செவ்வந்தி வாளி இருந்தது. வாளிக்குள் விழவில்லை, விளிம்பில்தான். ஆனாலும் பருப்பின் மஞ்சள் எது, பூவின் மஞ்சள் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை. நான் முட்டியில் கை வைத்துக் குனிந்து நிற்கிறேன், கண்ணெல்லாம் சிவப்பு. அக்கா என்னைத் திட்டவில்லை. குரலைத் தாழ்த்தி ஒரே வார்த்தைதான் கேட்டார்: "காலையிலேயேவா, தம்பி?"

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன், இரண்டாவது ரவுண்டு வந்துவிட்டது. பூவுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். அன்று மாலை பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) என் மனைவியிடம் ஒருத்தி துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. வேறு யாராவது தெருவில் வாந்தி எடுத்தால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள், காய்ச்சல் என்பார்கள். நம்ம ஆள் எடுத்தால் தண்ணி. சொல்வதும் நம்ம ஆட்களேதான். தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்த காலம் ஒன்று உண்டு, அப்புறம் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. என் அப்பா இரண்டையும் பார்த்தவர், சம்பள நாளன்று அம்மா எங்களை தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை ஆயா வீட்டில் படுக்க அனுப்பிவிடுவார். அதனாலேயே நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. நாற்பத்தாறு வருஷம் தொடாமல் இருந்து, ரொட்டி சானாயால் குடிகாரன் ஆனேன். "குடிச்சவன் குடிக்கலைன்னுதான் சொல்வான்" என்று கீழே எழுத வருகிறீர்கள் என்றால், எழுதிக்கொள்ளுங்கள், பழகிவிட்டது.

சரி, உங்கள் விஷயம்.

சும்மா இருக்கும்போது இதயம் தள்ளும் இரத்தத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு வயிற்றுக்கும் குடலுக்கும் போகிறது. கால், முதுகு, கை எல்லாம் ஒரே நேரத்தில் முழுத் திறனில் இழுத்தால் உடம்பு அந்த இரத்தத்தைப் பிடுங்கித் தசைக்குக் கொடுத்துவிடும். கடும் உழைப்பில் வயிற்றுப் பக்க இரத்த ஓட்டம் 80 விழுக்காடு வரைகூடக் குறையலாம். செரிமானம் அப்படியே நிற்கிறது, தின்றது உள்ளேயே கிடக்கிறது, அதிலும் நெய்யும் எண்ணெயும் என்றால் கேட்கவே வேண்டாம். ஆக்சிஜன் ஈடுகொடுக்காத வேகத்தில் தசை வேலை செய்வதால் இரத்தமும் அமிலப் பக்கம் சாய்கிறது. இந்த மெஷினில் இன்னொரு கொடுமை, ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் முட்டி நெஞ்சுக்கு வந்து தொப்பையை அமுக்குகிறது. நிமிடத்துக்கு முப்பது தடவை அமுக்கினால் எந்தப் பை தாங்கும்?

நான் செய்த பெரிய முட்டாள்தனம் சட்டென்று நிறுத்தியது. கால் தசை அசைந்துகொண்டிருக்கும்வரை அது இரத்தத்தை மேலே தள்ளுகிறது. நிறுத்தியதும் இரத்தம் காலிலேயே தங்கிவிடுகிறது, அழுத்தம் இறங்குகிறது, தலை சுற்றுகிறது, குமட்டல் இரட்டிப்பாகிறது. நீங்களும் முடித்ததும் கைப்பிடியைப் போட்டுவிட்டுத் தரையில் படுக்கிறவர் என்றுதான் நினைக்கிறேன். இழுப்பதை விடாதீர்கள். ஐந்து பத்து நிமிடம் பொம்மை மாதிரி மெதுவாக இழுத்துக்கொண்டே இருங்கள். அந்த முதல் ஒரு நிமிடம் நரகம், அதற்குப் பிறகு இறங்கிவிடும்.

சாப்பாட்டை மூன்று மணி நேரம் முன்னால் தள்ளினேன். பசித்தால் ஒரு வாழைப்பழம், தண்ணீர் மிடறு மிடறாக. தொடங்குமுன் பத்து நிமிடமாவது உடம்பைச் சூடு பண்ணிக்கொள்கிறேன். ஆனால் இதையெல்லாம்விட எனக்கு உதவியது அம்மா சொன்னது. செல்போனில் யாரோ எடுத்த என் 8:23 வீடியோவைப் பார்த்துவிட்டு, "எதுக்குடா ஆரம்பத்திலேயே இப்படி இழுக்கிற? பின்னாடி வேணாமா?" என்றார். அவர் விடியற்காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், மரம் வெட்டி, மங்கு மங்காக (மரத்தில் மாட்டிய கிண்ணம்) பால் எடுத்து, இரண்டு வாளியைக் காண்டாவில் (தோளில் சுமக்கும் கம்பில்) தொங்கவிட்டு ஸ்டோருக்கு நடந்தவர். முதல் பத்து மரத்தில் யாரும் வீரம் காட்ட மாட்டார்களாம்.

மூன்று வாரம் கழித்து நெம்புகோலை நான்கில் வைத்து, முதல் மூன்று 500ஐயும் 2:04இலேயே இழுத்தேன். முதல் பாதியில் சோம்பேறி மாதிரி இருந்தது, ஆளைப் பார்த்துப் பேசக்கூட முடிந்தது. கடைசி 500 மட்டும் 2:00. மொத்தம் 8:12. பதினொரு விநாடி குறைந்தது, வாந்தி இல்லை. கொஞ்சம் குமட்டல் இருந்தது, மெதுவாக இழுத்ததில் போய்விட்டது. (2018இல் ஆஸ்திரேலியாவின் ஜோஷ் டங்க்லி-ஸ்மித் இதே தூரத்தை 5:35.8இல் முடித்து உலக சாதனை செய்தார். 8:12க்குப் பெருமையா என்று கேட்காதீர்கள். ஆமாம், பெருமைதான்.)

"வாந்தி வந்தாத்தான் உண்மையா உழைச்ச மாதிரி" என்று சொல்கிற கூட்டம் எல்லா ஜிம்மிலும் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. நான் நன்றாக இழுத்த நாளில் வாந்தி வரவில்லை, கேவலமாக இழுத்த நாளில்தான் வந்தது. வாரத்துக்கு ஒரு நாளுக்கு மேல் முழு மூச்சு இழுப்பும் வேண்டாம்.

விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாத இடமும் இருக்கிறது. குமட்டலோடு நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ இடது கையிலோ வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மறுநாள் சிறுநீர் கோலா நிறத்தில் போனாலும் போய்விடுங்கள், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல், வெறும் குமட்டலாகவும் வரும். என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் வந்தது. வீடே கூடி "காத்துதான்" என்று முடிவு செய்து இஞ்சித் தண்ணீர் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்துத்தான் கொண்டு போனோம், உயிர் தப்பியது, இதயத்தில் பாதிதான் வேலை செய்கிறது. உங்களுக்கு நாற்பது தாண்டியிருந்தாலோ, சர்க்கரை, பிரஷர் இருந்தாலோ, அடுத்த முழு இழுப்புக்கு முன்னால் ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள்.

உங்கள் வயதையும், எதைச் சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து இழுத்தீர்கள் என்பதையும், முதல் 500 மீட்டர் எவ்வளவு நேரம் என்பதையும் கீழே எழுதுங்கள். எனக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட், பதில் காலையில்தான் வரும்.