ஒன்றரை இன்ச் பட்டை ஏன் ஒன்றரை இன்ச்சாக இருப்பதில்லை?

கேள்வி: முதன்முறையாக லாக் கேபின் குவில்ட் தைக்கிறேன், அதாவது நடுவில் ஒரு சதுரம் வைத்து, அதைச் சுற்றிப் பட்டைகளை அடுக்கித் தைத்த கட்டங்களால் ஆன ஒட்டுத்துணி விரிப்பு. நடுச்சதுரமும் சுற்றிவரும் பட்டைகளும் வெட்டும்போது 1½ இன்ச் அகலம், இருபுறமும் கால் இன்ச் தையலுக்குப் போனால் 1 இன்ச் நிற்கும். மூன்று சுற்று முடிந்தால் கட்டம் 7½ இன்ச் வர வேண்டும். எனக்கு ஒன்று 7¼, இன்னொன்று 7¾ என்று வருகிறது. பட்டைகளை விரித்தால் மடிப்பு இருந்த இடங்களில் வளைந்திருக்கின்றன. துணியை நாலாக மடித்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரியால் வெட்டுகிறேன். எங்கே தவறு?

பதில்: வளைவிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதைச் சரிசெய்வது சுலபம். வெட்டும் கோடு மடிப்புக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால், விரித்ததும் அந்த இடத்தில் பட்டை முழங்கை மாதிரி மடங்கி நிற்கும். ஒரு மடிப்பு என்றால் ஒரு வளைவு, நாலாக மடித்தால் மூன்று. மடிப்பைச் சரிபார்க்கும் முறைகள் உண்டு. ஆனால் நான் சொல்வது வேறு: மடிக்கவே மடிக்காதீர்கள். உங்கள் கட்டத்தில் மிக நீளமான பட்டையே 7½ இன்ச்தான். அதற்குத் துணியின் முழு அகலத்துக்கு, 44 இன்ச் நீளப் பட்டை எதற்கு? அரை மீட்டர் துணியை ஒற்றையாக விரித்து, கரைக்கு இணையாக, பாவு நூல் ஓடும் திசையில் வெட்டுங்கள். ஊடைவாக்கில், அதாவது துணியின் குறுக்கே வெட்டிய பட்டையைவிட இது குறைவாகத்தான் இழுபடும். இரண்டையும் இரு கையால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் விரலிலேயே தெரியும். கரையை மட்டும் அரை இன்ச்சுக்கு வெட்டி ஒதுக்கிவிடுங்கள். அங்கே நெசவு நெருக்கமாக இருப்பதால் தைத்தபின் சுருக்கம் காட்டும். கோடுபோட்ட, கட்டம்போட்ட அச்சுத் துணி என்றால் அச்சை நம்ப வேண்டாம். அது பல சமயம் இழையோடு ஒத்துப்போவதில்லை.

அடுத்தது அளவு. தச்சர்கள் கணக்கில் ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். ஒவ்வொரு துண்டும் அரை நூல் கூடிவிட்டது என்று வையுங்கள். உங்கள் கட்டத்தில் இடமிருந்து வலமாக ஏழு துண்டுகள் இருக்கின்றன: நடுச்சதுரம் ஒன்று, இருபுறமும் மும்மூன்று. ஏழு அரை நூல் சேர்ந்தால் மூன்றரை நூல், அதாவது ஏறக்குறைய அரை இன்ச்! இந்த அரை நூல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், சாக்பீஸ் கோட்டிலிருந்தே வருகிறது. முனை மழுங்கிய சாக்பீஸ் போடும் கோட்டின் தடிமனே அவ்வளவு இருக்கும். ஒரு பட்டையைக் கோட்டுக்கு வெளியே வெட்டி, அடுத்ததை உள்ளே வெட்டினால் முடிந்தது கதை. போதாக்குறைக்கு, கத்தரியின் கீழ்த்தகடு துணியைத் தூக்கிக்கொண்டே போகும். நாலு மடிப்பில் மேலே உள்ள பட்டையும் அடியில் உள்ள பட்டையும் ஒரே அளவில் வராது.

முடிந்தால் ரோட்டரி கட்டர், வெட்டும் பாய், 24 இன்ச் நீளமுள்ள கண்ணாடி போன்ற குவில்ட் ஸ்கேல், இந்த மூன்றையும் வாங்கிவிடுங்கள். 1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த அந்தச் சக்கரக் கத்திதான் குவில்ட் தைப்பவர்களின் வேலையையே மாற்றியது. 45 மில்லிமீட்டர் சக்கரம் போதும். வெட்டும்போது பாயில் இருக்கும் கட்டங்களைப் பார்க்காதீர்கள், ஸ்கேலின் கோட்டைத் துணி விளிம்பில் வைத்து அளந்து வெட்டுங்கள். கோடு துணியின் மேல் விழ வேண்டுமா, விளிம்புக்கு வெளியே நிற்க வேண்டுமா என்பதை முதல் பட்டையிலேயே முடிவுசெய்து, கடைசிவரை அப்படியே வையுங்கள். குவில்ட் முழுக்க ஒரே ஸ்கேல். மூன்று நான்கு பட்டைக்கு ஒருமுறை விளிம்பு நேராக இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் சீவிவிடுங்கள். ஸ்கேல் வழுக்கினால் அடியில் மணல்தாள் துண்டுகளை ஒட்டலாம். சுண்டுவிரலை ஸ்கேலுக்கு வெளியே துணியில் ஊன்றிக்கொண்டால் இன்னும் அசையாது. வெட்டு முடிந்த ஒவ்வொரு முறையும் கத்தியை மூடுங்கள். அது தோலையும் துணி மாதிரியேதான் வெட்டும்.

இப்போதைக்குக் கத்தரிதான் என்றால், சாக்பீஸை விட்டுவிட்டு நன்றாகச் சீவிய பென்சிலால் ஒற்றைத் துணியில் கோடு போட்டு, கோட்டின் மேலேயே வெட்டுங்கள். பள்ளிக்கூட ஸ்கேல் வேண்டாம். பலவற்றில் பூஜ்யம் விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளித்தான் தொடங்கும். எதில் வெட்டினாலும் சரி, துணியை நனைத்துக் காயவைத்து, கஞ்சி போட்டு இஸ்திரி செய்த பிறகே தொடுங்கள். விறைப்பான துணி கத்தி முன்னால் நெளியாது.

பட்டைகளை நீளமாகத் தைத்துவிட்டு மிச்சத்தை நறுக்குவதைவிட, முன்கூட்டியே நீளம் வெட்டி வைப்பதைத்தான் நான் விரும்புகிறேன். கட்டத்தின் ஒரு பாதி வெளிர் நிறம், மறுபாதி அடர் நிறம் என்றால், வெளிர் நிறத்துக்கு 1½, 2½, 3½, 4½, 5½, 6½. அடர் நிறத்துக்கு 2½ முதல் 7½ வரை. வெளிர் பட்டையில் 6½, 5½, 4½, 1½ நான்கும் சேர்ந்து 18 இன்ச், அரை மீட்டரில் ஒரே பட்டையில் அடங்கிவிடும். இதில் பெரிய லாபம் ஒன்று உண்டு. 4½ இன்ச் பட்டை கட்டத்தின் பக்கத்தோடு பொருந்தவில்லை என்றால், தவறு அதுவரை தைத்ததில்தான் என்று அங்கேயே தெரிந்துவிடும். பொருந்தவில்லையே என்று இழுத்துத் தைக்காதீர்கள், பிரித்துப் பாருங்கள்.

ஒன்று கேட்காமல் விட்டீர்கள்: தையல். ஒரு தையல் அரை நூல் உள்ளே போனால் இருபுறத் துணியிலும் தின்னும். ஆறு தையலுக்கு முக்கால் இன்ச் போய்விடும். உங்கள் 7¼ கட்டத்துக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. மூன்று 1½ இன்ச் பட்டைகளைக் கால் இன்ச் விட்டுத் தைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். மொத்தம் 3½, நடுப்பட்டை சரியாக 1 இன்ச் வர வேண்டும். குறைந்தால் ஊசிக்கும் துணி விளிம்புக்கும் உள்ள தூரத்தைக் கடுகளவு குறைத்து, மறுபடி தைத்துப் பாருங்கள்.

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண்கள் இவ்வளவு பாடுபடவில்லை. பெரும்பாலும் ஒரு அடித்துணியின் மேல், நடுவிலிருந்து ஒவ்வொரு பட்டையாக வைத்துத் தைத்துக்கொண்டே போனார்கள். பட்டு, கம்பளி, பழைய துணி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நின்றதும் அதனால்தான். உங்கள் துணி மெல்லிய மல் மாதிரி நழுவுகிற துணி என்றால், அந்த வழியில் ஒரு கட்டம் தைத்துப் பாருங்கள். அடித்துணியில் கோடுகளை மட்டும் துல்லியமாகப் போட்டுக்கொண்டால் போதும், பட்டை ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் கட்டம் மாறாது.