சோலார் போடணும், எத்தனை கிலோவாட்?

கேள்வி: ஃபிரிட்ஜ் 200, நாலு ஃபேன் 300, ஏசி 1500, தண்ணீர் மோட்டார் 750, மிக்ஸி 750, டிவி 100, அயர்ன் பாக்ஸ் 1000, கீசர் 2000 என்று வீட்டில் இருக்கும் எல்லா வாட்டையும் கூட்டினால் 6,600 வருகிறது. சோலார் விற்க வந்தவர் 7 கிலோவாட் போடச் சொல்கிறார். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஓடுகிறது. அவர் சொல்வது சரியா? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: அந்தக் கூட்டல் கணக்கைத் தூக்கி ஓரமாக வையுங்கள். மிக்ஸி 750 வாட்தான், ஆனால் நாளுக்குப் பத்து நிமிடம் சட்னி அரைத்தால் அது தின்பது அரைக்கால் யூனிட் (1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்). ஃபிரிட்ஜ் 200 வாட் என்றாலும் கம்ப்ரசர் விட்டு விட்டுத்தான் ஓடும், ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை யூனிட்டில் முடிந்துவிடும். ஆனால் ராத்திரி ஐந்து மணி நேரம் ஓடும் ஏசி மட்டும் நாலு, ஐந்து யூனிட்டை விழுங்கும். ஆக வாட் முக்கியமில்லை, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதுதான் கணக்கு, அந்தக் கணக்கை உங்கள் இ.பி. மீட்டர் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது.

600 யூனிட்டை 60 நாளால் வகுத்தால் நாளுக்கு 10. நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் வருட சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும் (ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும், சித்திரையில் எக்கச்சக்கமாக வரும் என்று நினைக்காதீர்கள், பேனல் சூடேறினால் உற்பத்தி இறங்கும்). 10-ஐ 4-ஆல் வகுத்தால் இரண்டரை. அதிகபட்சம் 3 கிலோவாட் போதும். என்னைக் கேட்டால் 2 கிலோவாட்டே போதும் என்பேன், ஏனென்றால் அது 60 நாளில் 480 யூனிட் கொடுத்துவிடும், மிச்சம் 120, அதில் 100 யூனிட் அரசு இலவசமாகத் தருவது, அதையும் காசு போட்டுக் கூரையில் தயாரிப்பானேன்? ஏசி இன்னொன்று வாங்கும் யோசனை இருந்தால் மட்டும் 3.

பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு மானியம் 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் 7 போட்டாலும் அதே 78,000தான். இதை வந்தவர் சொன்னாரா?

கேள்வி: சோலார் போட்ட பக்கத்து வீட்டில் நல்ல வெயிலிலும் கரண்ட் போனால் ஃபேன் நின்றுவிடுகிறது. ரிப்பேரா? – ஒரு வாசகி, தென்காசி

பதில்: ரிப்பேர் இல்லைங்க, அது அப்படித்தான். ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றி இ.பி. லைனோடு சேர்ந்து ஓடும் பெட்டி) லைனில் கரண்ட் இல்லையென்றால் தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் கையில் உங்கள் வீட்டுக் கரண்ட் பாயும். கரண்ட் போகும்போதும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடும் லைனோடும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும், செலவு கூடும்.

பேட்டரியையும் ஆசைக்குத் தகுந்த மாதிரி வாங்காதீர்கள். 12 வோல்ட், 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி என்றால், இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்-மணி. லெட் ஆசிட் வகையில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும், ஆக கைக்கு வருவது 900. நாலு சாதாரண ஃபேன் போட்டால் மூன்று மணி நேரம்கூட முழுசாக வராது. அதே நாலும் குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடும். இரண்டாவது பேட்டரிக்குக் கொடுக்கும் காசில் முதலில் ஃபேனை மாற்றுங்கள். மோட்டாரைப் பேட்டரியில் ஏற்றவே வேண்டாம், ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் தாங்காது.

கேள்வி: மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழல் ஒரு பேனல் மேல் கொஞ்சம் விழும். பரவாயில்லையா? – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பரவாயில்லை என்று நானும் நினைத்தேன். வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் உற்பத்தியையும் அது இழுத்துவிடும், எங்கள் வீட்டில் இதைப் புரிந்துகொள்ள ஒரு வருடம் ஆனது. 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். தெற்கு பார்த்து, லேசான சாய்வில் மாட்டச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் மார்கழியில் ஒரு நாள் காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும் மாடிக்குப் போய் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வைத்துவிடுங்கள், அப்போதுதான் நிழல் நீளமாக விழும்.