ராக்கெட்டை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

கேள்வி: ஜோ ஹால்டமன் எழுதிய ‘த ஃபாரெவர் வார்’ நாவலை ராத்திரி ஒன்றரை மணிக்கு முடித்தேன். கடைசியில் வரும் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, பக்கத்தில் தூங்குகிறவர் எழுந்துவிடக் கூடாதே என்று சமையலறையில் போய் உட்கார்ந்து அழுதேன். காலையில் சொன்னால் ‘ராக்கெட் கதைக்கா இவ்வளவு?’ என்று சிரிக்கிறார். விண்வெளி, வேற்றுக்கிரகவாசி சமாச்சாரத்தையெல்லாம் எடுத்துவிட்டால் இது உலகத்தரமான காதல் கதை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சரிதானே? இதன் தொடர்ச்சியையும் படிக்கலாமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, திண்டுக்கல்)

பதில்: அழுதது சரி. அழுததற்கு நீங்கள் கண்டுபிடித்திருக்கும் காரணம்தான் தப்பு. ராக்கெட்டை எடுத்துவிட்டால் அந்த நாவலில் அழ ஒன்றும் மிஞ்சாது. ஒரு பட்டாளத்துக்காரன், அதே பட்டாளத்தில் ஒரு பெண், சண்டை, பிரிவு, கடைசியில் ஒரு கடிதம், அவ்வளவுதான். இந்த மாதிரிக் கதை மாதம் பத்தாவது எங்கள் ஆபீசுக்குத் தபாலில் வருகிறது, நான் ஒன்றுக்கும் எழுந்து சமையலறைக்குப் போனதில்லை.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1974-ல் வந்த புத்தகம். வில்லியம் மண்டெல்லா என்று இயற்பியல் படித்த பையன் ஒருவனைக் கட்டாய ராணுவ சேவையில் பிடித்துப்போட்டு, டாரன்கள் என்கிற வேற்றுக்கிரகவாசிகளோடு சண்டை போட அனுப்புகிறார்கள். கப்பல் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடுவதால் அவனுக்குச் சில மாதம் ஆகும்போது ஊரில் வருடக்கணக்கில் ஓடிவிடுகிறது. கூடவே சண்டை போடுகிறவள்தான் மேரிகே. 1997-ல் கிளம்பியவர்கள் ஊர் திரும்பும்போது பூமியில் 2024. இவனுக்கு ஓரிரு வயதுதான் கூடியிருக்கிறது, அம்மாவோ கிழவியாகிவிட்டாள், வயதாகிவிட்டது என்பதற்காகவே வைத்தியம் மறுக்கப்பட்டுச் சாகிறாள். ஊரில் ஒட்ட முடியாமல் இருவரும் மறுபடி பட்டாளத்திலேயே போய்ச் சேருகிறார்கள்.

(இந்த ஊர் திரும்பும் பகுதி ரொம்பச் சோர்வாக இருக்கிறது என்று ‘அனலாக்’ என்கிற அறிவியல் புனைகதைப் பத்திரிகையின் ஆசிரியர் பென் போவா வேண்டாம் என்றுவிட்டார். பல வருடம் கழித்துத்தான் அது புத்தகத்துக்குள் திரும்பி வந்தது. புத்தகமாகப் போடவே 18 பதிப்பாளர்கள் மறுத்தார்கள், அப்புறம் அதே புத்தகம் அறிவியல் புனைகதைக்கான பெரிய விருதுகளான நெபுலாவும் ஹியூகோவும் வாங்கியது. என் தொழில்காரர்களைப் பற்றி இதற்கு மேல் நான் பேச விரும்பவில்லை.)

சரி, நீங்கள் அழுத இடத்துக்கு வருவோம். கடிதத்தில் கண்ணீர் வந்திருக்கலாம், ஆனால் அடி விழுந்தது அதற்கு வெகு முன்னால், இருவருக்கும் வேறு வேறு படைக்கு உத்தரவு வருகிற இடத்தில். அவனுக்குப் புதுக் காலும் அவளுக்குப் புதுக் கையும் முளைக்க வைத்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய கையோடு, அவனை ஒரு நட்சத்திரத்துக்கும் அவளை இன்னொன்றுக்கும் போகச் சொல்கிறார்கள். இரண்டு பேரும் பிழைத்து வந்தாலும் சேர முடியாது. ஜாதி குறுக்கே நிற்கவில்லை, அப்பா அரிவாளோடு நிற்கவில்லை, மேலதிகாரிக்குக்கூட இவர்கள் மேல் பகை கிடையாது. வெறும் கணக்கு. வேறு வேறு தூரம் போய்த் திரும்பினால், திரும்பும் தேதிகளுக்கு நடுவில் நூற்றாண்டுகள் கிடக்கும். நம் முல்லைத் தலைவிக்குக் கார்காலம் என்று ஒரு கெடு உண்டு. மழை வந்தும் அவன் வரவில்லையே என்று அவள் புலம்ப முடிகிறதென்றால், பாசறையில் இருக்கிறவன் தலைக்கு மேலும் அதே பருவம்தான் என்பதால். இவர்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு காலண்டரே இல்லை. இந்தப் பிரிவை ராக்கெட் இல்லாமல் யாரையாவது எழுதச் சொல்லுங்கள், பார்ப்போம்.

மேரிகே அவனுக்கு எழுதிவைத்த அந்தக் கடைசிக் கடிதமும் அப்படித்தான். மேரிகே சும்மா உட்கார்ந்து காத்திருக்கவில்லை. தன் பணத்தையும் இன்னும் ஐந்து பழைய ஆட்களின் பணத்தையும் போட்டு ராணுவத்திடமே ஒரு கப்பலை விலைக்கு வாங்குகிறாள். அது செய்வதெல்லாம், அவள் குடியேறிய கிரகத்திலிருந்து ஐந்து ஒளியாண்டு தூரம் (ஒளியே போய்ச்சேர ஐந்து வருடம் ஆகும் தூரம்) போய்த் திரும்புவது, மறுபடி போவது. கிரகத்தில் பத்து வருடம் ஓடினால் கப்பலில் இருப்பவளுக்கு ஒரு மாதம். நீங்கள் அழுதீர்கள், நான் கால்குலேட்டரை எடுத்தேன், ஆளுக்கு ஒரு வழி. பத்து வருடம் ஒரு மாதமாகச் சுருங்க வேண்டுமென்றால் காலம் 120-ல் ஒரு பங்காக வேண்டும். அதற்குக் கப்பல், ஒளியைவிட விநாடிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் மட்டுமே குறைவாக ஓட வேண்டும், அதாவது விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டரில் வெறும் பத்து. (இன்றைக்கு சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் இருந்து வருகிறவருக்கு மிச்சமாகும் இளமை, ஒரு விநாடியில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு.) கடிதத்தில் போட்டிருக்கும் தேதி 2878, அவன் கைக்கு அது கிடைப்பது சுமார் 260 வருடம் கழித்து. அவளுக்கு ஆனது இரண்டு வருடமும் இரண்டு மாதமும். நீ வரும்போது எனக்கு இருபத்தெட்டு வயதுதான் இருக்கும் என்று அவள் எழுதுவது கொஞ்சலுக்காக இல்லை, கூட்டிக் கழித்துப் பார்த்தால் சரியாக வருகிறது. பிரித்த கணக்கையே எடுத்துத் திருப்பிப் போட்டுவிட்டாள். உங்களைச் சமையலறைக்கு அனுப்பியது அதுதான்.

இன்னொன்று கவனித்தீர்களா? அந்தக் கிரகம் சுற்றும் நட்சத்திரம் மைசார். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுவில் இருப்பது, பூமியிலிருந்து சுமார் 80 ஒளியாண்டு. நம் ஊரில் அதற்குப் பெயர் வசிஷ்டர், ஒட்டினாற்போல் மங்கலாகத் தெரிவதுதான் அருந்ததி. ஹால்டமன் இதைத் தெரிந்து எழுதியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ராக்கெட் கதை என்று சிரிக்கும் உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், கல்யாணத்தன்று காலை ஒன்பது மணி வெயிலில் அய்யர் வானத்தைக் காட்டி அருந்ததி தெரிகிறதா என்றபோது, தெரிகிறது என்று தலையாட்டினாரா இல்லையா என்று.

ஹால்டமன் வானியலும் இயற்பியலும் படித்து, கட்டாய சேவையில் வியட்நாம் போய்க் காயம்பட்டுத் திரும்பியவர். நடுப்பெயர் வில்லியம். 1965-ல் அவர் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணின் பெயர் மேரி கே பாட்டர், நாவலில் நாயகியின் முழுப்பெயரும் அதேதான். அப்படியென்றால் இது வியட்நாம் கதைதானே, ராக்கெட் எதற்கு என்று நீங்கள் மறுபடி ஆரம்பிக்கலாம். ராக்கெட் இல்லாமல் 1972-ல் ‘வார் இயர்’ என்று வியட்நாம் நாவல் ஒன்றும் எழுதியிருக்கிறார். நல்ல புத்தகம்தான். அதைப் படித்துவிட்டு அழுதேன் என்று இதுவரை யாரும் எனக்கு எழுதியதில்லை.

புத்தகத்தில் ஓட்டையே இல்லை என்று சொல்லவில்லை. படுக்கையறை விஷயத்தில் அதன் பார்வை 1974-லேயே நின்றுவிட்டது, தன்பாலினத்தவரைக் கற்பனை செய்திருக்கும் விதம் இன்று படித்தால் நெளிய வைக்கிறது.

தொடர்ச்சி ‘ஃபாரெவர் ஃப்ரீ’, 1999-ல் வந்தது. இருவருக்கும் நடுத்தர வயது, இரண்டு பிள்ளைகள், குளிர்ப் பிரதேசத்தில் மீன் பிடித்துக் காலம் தள்ளுகிறார்கள், அதுவரை நன்றாகவே இருக்கிறது. அப்புறம் அந்தப் பழைய கப்பலையே எடுத்துக்கொண்டு 40,000 வருடம் தள்ளி எதிர்காலத்துக்குப் போகக் கிளம்புவார்கள். அந்த இடத்தில் மூடி வைத்துவிடுங்கள். நான் கடைசிவரை படித்தேன்.